என் கதையில் நாய் இல்லை

என் கதையில் நாய் கிடையாது. பூனை கிடையாது, கிளி கிடையாது, வாலாட்டுகிற ஜீவன் எதுவுமே கிடையாது. எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அந்த வாசகர் வட்டத்தில், பத்மநாபன் என்கிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் விட அந்த நாய் பொழச்சுண்டது பாருங்கோ, அங்கதான் நான் அழுதுட்டேன்" என்றார். மனிதர் வேறு யாருடைய கதையையோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தொகுப்பின் பெயர் 'துருப்பிடித்த நிலா'. பதினான்கு அறிவியல் புனைகதைகள். நண்பர் அறவாழி தொகுத்தது. அண்ணாநகர்ப் பக்கம் ஒரு நூலகத்தின் மாடியில் சிலர் வாரம் ஒரு கதையாக அதைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கதையின் முறை வந்ததும், எழுத்தாளரையே கூப்பிடலாம் என்று எனக்குத் தகவல் அனுப்பினார்கள். நான் எழுத்தாளர் என்றால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாநகராட்சிப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பெயர் குணசுந்தரி. ஊர், நகரத்துக்கு வடக்கே கடலோரம் இருக்கும் சிப்பிக்குப்பம். வாழ்நாளில் அச்சேறிய ஒரே கதை இதுதான். 'அச்சேறிய' என்பதுகூடப் பழைய வார்த்தை. தாள் விற்கிற விலைக்கு இப்போது புத்தகம் என்றால் திரைதான்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போயிருந்தேன். அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சார், நீங்க சொல்றது ஒன்பதாவது கதையா? 'கீழ்த்தளம்'?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. விண்கல் வந்து மோதறதே. யாரை என்னன்னு குத்தம் சொல்ல முடியும்? விதி."

விண்கல்லா? என் கதை இதுதான். சந்திரனில் ஒரு குடியிருப்பு. மேல்தளத்தில் அதிகாரிகள், கீழ்த்தளத்தில் வேலையாட்கள். காற்று தயாரிக்கும் நிறுவனத்தின் குழாயில் நச்சுவாயு கலந்துவிடுகிறது. வால்வை மூடினால் கீழே இருப்பவர்கள் பிழைப்பார்கள், ஆனால் உற்பத்தி நின்றுபோகும். பூமியிலிருந்து உத்தரவு வரட்டும் என்று வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். உத்தரவு வந்து சேரும்போது கீழே பாதிப் பேர் பிணம். மீதிப் பேர் படியேறி வந்து அந்த அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு வரியோடு கதை முடிகிறது: 'நாங்கள் உங்களை மன்னிக்கவில்லை.'

இதில் விண்கல் எங்கே வந்தது, நாய் எங்கே வந்தது?

பக்கத்தில் இருந்த ஷர்மிளா கல்லூரியில் படிக்கிறவள். "எனக்கு அந்த வால்வு ஆபரேட்டர் அருண் கேரக்டர்தான் ரொம்பப் பிடிச்சுது மேம். கடைசி நிமிஷத்துல அவளுக்காக ஓடி வந்து மூடுறான்ல? செம" என்றாள். என் வால்வுக்காரனுக்குப் பெயரே கிடையாது. அவன் யாருக்காகவும் ஓடவில்லை. அதுதான் கதையே. அடுத்து ரெஹானா என்ற குழந்தை மருத்துவர் பேசினார். யாரும் சாகாமல் எல்லாரும் மயக்கத்தோடு தப்பித்துக்கொள்வதை மருத்துவரீதியாகச் சரியாகக் காட்டியிருக்கிறேனாம். கைகொடுத்துப் பாராட்டினார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். விண்கல் என்றதும் ஷர்மிளா தலையாட்டினாள். அருண் என்றதும் பத்மநாபன் 'ஆகா' என்றார். எட்டு வாரமாக எட்டுக் கதைகளை இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். படித்தவர்கள் சபையில் தெரியாது என்று சொல்ல நமக்கு என்றைக்குத் தைரியம் வந்திருக்கிறது?

"தயவுசெஞ்சு எல்லாரும் கடைசி வரியை மட்டும் சத்தமா வாசிங்க" என்றேன்.

வாசித்தார்கள். பத்மநாபனின் திரையில்: 'நாம் விதியை மன்னிப்போம்.' ஷர்மிளாவின் திரையில்: 'நாம் இருவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம்.' ரெஹானாவின் திரையில்: 'நாம் நம்மை மன்னித்துக்கொண்டு நாளைக்குள் நடப்போம்.'

எனக்குக் காது சூடாகிவிட்டது. விண்கல்லைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த 'நாம்' இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கதை முழுக்க ஓரிடத்தில்கூட நான் 'நாம்' என்று எழுதவில்லை. எழுதவே கூடாது என்று உட்கார்ந்து எழுதினேன். 'நாங்கள்' என்றால் எதிரே நிற்கிறவன் வெளியே. 'நாம்' என்றால் அவனும் உள்ளே. செத்தவர்களையும் சாகவிட்டவர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த ப்ரணவ் தொண்டையைச் செருமினார். முப்பது வயது இருக்கும், திரை நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அவர் ஒருவர்தான் அதுவரை தலையாட்டாமல் இருந்தவர்.

"மேடம், அது இதமி" என்றார்.

"அது யாரு?"

"யாருமில்ல மேடம், ஒரு வசதி. எல்லாத் திரையிலயும் இருக்கு. வாசகரோட கண்ணையும் நாடித் துடிப்பையும் பாக்கும். எந்த இடத்துல மனசு நோகுது, எந்த இடத்துல புத்தகத்தை மூடிடுவாங்கன்னு தெரிஞ்சுக்கும். அதுக்கு முன்னாடியே அந்த இடத்தைக் கொஞ்சம் இதமா மாத்தி எழுதிடும். அவங்கவங்களுக்குத் தகுந்த மாதிரி."

"யாரைக் கேட்டு மாத்துது?"

"வாசகரைத்தான். முதல் தடவை 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு பொத்தான் வரும்ல?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான் எத்தனையோ முறை அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

"சரி, இதமா மாத்துங்க. 'நாங்கள்' எப்படி 'நாம்' ஆச்சு?"

அவர் நிஜமாகவே குழம்பினார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? எங்க கணக்குல ரெண்டுக்கும் ஒரே குறிதான். இதை வடிவமைச்சவங்க மொழியில அப்படி ரெண்டு சொல்லே இல்ல. எது வாசகருக்கு நெருக்கமா இருக்கோ அதை எடுத்துக்கும்."

தமிழில் பேசுகிற, தமிழில் கோபப்படுகிற ஒரு ஆள், சொந்தத் தாய் சமையலறையிலிருந்து 'நாங்க சாப்ட்டோம், நீ சாப்டு' என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த ஆள், இதைச் சொல்கிறார். எனக்குக் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை பரபரத்தது. ஆசிரியைக் கை. அடக்கிக்கொண்டேன்.

"செய்தியையும் இப்படித்தான் மாத்துறீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். செய்திக்குச் சட்டம் இருக்கு. கதைக்கு மட்டும்தான். கதை எப்படியும் கற்பனைதானே?"

கீழே இறங்கி, நூலக வாசலில் நின்றே அறவாழிக்குப் போன் போட்டேன்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லு."

"குணா, ஒப்பந்தத்துல இருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்க. எல்லாப் புத்தகத்துக்கும் இப்ப இதான்."

"எம் பேருக்குக் கீழ நாய் விட்டுருக்கானுங்க அறவாழி."

அவன் சிரித்தான். பிறகு சிரித்தது தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. "இங்க பாரு, உன் கதையத்தான் தொகுப்புலயே அதிகம் பேர் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க. நீ சந்தோஷப்படணும்."

"எதைப் படிச்சாங்க?"

பதில் இல்லை. நல்ல மனிதன்தான் அறவாழி. நல்லவர்கள் பதில் சொல்லாமல் இருந்தே பாதிக் கெடுதல் நடக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஊரை ஒட்டி இருக்கும் கம்பெனியின் தொட்டியிலிருந்து குளோரின் கசிந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அது தரையோடு தரையாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிப்பிக்குப்பத்தில் எல்லாரும் எங்கே இருப்பார்கள்? மீன்குழம்பும் சோறுமாகத் தின்றுவிட்டு, தரையில் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். என் தம்பி நாகூரானும் அப்படித்தான் படுத்திருந்தான். அவன் மனைவி தேசம்மாள் கருவாடு திருப்பிப் போட மொட்டைமாடிக்குப் போனதால் உயிரோடு இருக்கிறாள். மேலேயிருந்து பார்த்தபோது சந்தில் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ புகை ஊர்ந்து வந்ததாம். அடுப்புப் புகை என்று நினைத்தாளாம்.

உள்ளே வால்வுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார். மூடத் தெரியும். மேலிடத்து உத்தரவு இல்லாமல் உற்பத்தியை நிறுத்தக் கூடாது என்பது விதி. உத்தரவுக்குப் போன் போட்டுக் காத்திருந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு அங்கே வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பையன்களே சொன்னது. விசாரணை அறிக்கையில் 'எதிர்பாராத இயற்கைச் சூழல்' என்று வந்தது. பேசிப் பார்த்தோம், மறியல் பண்ணிப் பார்த்தோம், மனுக் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில்தான் நான் கதை எழுதினேன். சந்திரனில் நடந்ததாகச் சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், படிக்கிறவர்களுக்கு மட்டும் உறைக்கும் என்று நினைத்தேன். கதையையுமா மாற்றுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டுக்கு வந்ததும் தேசம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வலைக்கடையில் நாளெல்லாம் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி செத்த கதைய எவனுக்கோ எதுக்கு அண்ணி படிக்கக் குடுத்த?" என்றாள். "அவன் படிச்சிட்டு அழுவான், அப்பறம் மூஞ்சிய கழுவிக்கினு தூங்குவான். இன்னா ஆவப் போவுது?"

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர்ற அதிகாரி புத்தகம் படிக்கிற ஆளாம். அவரும் படிச்சிருந்தா?"

"எதைப் படிச்சிருப்பாரு?" என்று கேட்டாள் தேசம்மாள். அறவாழியை நான் கேட்ட அதே கேள்வி.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு இரண்டாவது தொட்டி வேண்டும். முதல் தொட்டியைவிடப் பெரியது, எங்கள் தெருவுக்கு இன்னும் பக்கத்தில். அனுமதி கொடுப்பதற்கு முன்பு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி வருவார், கேட்பார், முடிவெடுப்பார். பாதகமாக வந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் முப்பது நாள் கெடுவுக்குள் போக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்தத் தொட்டி வந்தால் சிப்பிக்குப்பத்தில் தரையில் பாய் விரிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

சமுதாயக் கூடத்துக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரியின் பெயர் செல்வநம்பி. அடாவடி ஆள் இல்லை. மேடைக்கு வந்ததும் எழுந்து கும்பிட்டார், தனக்கு வந்த இளநீரைக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த வயசாளி ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார். அவரைத் திட்டுவதற்குத் தயாராக வந்திருந்த எனக்கு இது எரிச்சலாக இருந்தது. கெட்டவன் கெட்டவன் மாதிரியே இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்.

"இங்க குணசுந்தரி மேடம் யாரு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

எழுந்தேன்.

"உங்க 'கீழ்த்தளம்' கதையை நேத்துதான் படிச்சு முடிச்சேன். நான் சின்ன வயசுலேருந்து அறிவியல் கதை படிக்கிறவன். உண்மையச் சொல்றேன், கலங்கிட்டேன்." கையிலிருந்த திரையைத் தூக்கிக் காட்டினார். "கீழ்த்தளத்து மக்கள் மேல வந்து, புதுத் தொட்டிக்குத் தாங்களே அடிக்கல் நாட்டுறாங்களே, அந்த இடம்! 'நாம் சேர்ந்து கட்டுவோம்'னு முடிச்சிருக்கீங்க. பாதிக்கப்பட்ட ஊர்லேருந்தே இப்படி ஒரு குரல் வரும்னு நான் எதிர்பாக்கல. இதையும் இன்னிக்குப் பதிவுல சேக்கச் சொல்லியிருக்கேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் ஊர். என்னோடு பிணம் தூக்கிய ஊர். அந்தப் பார்வையைச் செத்தாலும் மறக்க மாட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னா டீச்சர், எவ்ளோ வாங்கின?" என்றார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் மகளையும் என் தம்பியோடுதான் புதைத்தோம்.

"அது நான் எழுதினதில்ல!" என்று கத்தினேன். மைக்கைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "சார், உங்க கையில இருக்கறது என் கதை இல்ல. என் கதைய நான் சொல்றேன், கேளுங்க."

காகிதமும் இல்லை, திரையும் இல்லை. தேவையும் இல்லை, அதில் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். முதல் வரியிலிருந்து சொன்னேன். வால்வின் மேல் இருந்த கையைச் சொன்னேன். உத்தரவுக்காகக் காத்திருந்தவர்கள் டீ குடித்ததைச் சொன்னேன். கீழ்த்தளத்தில் ஒருவன் தரையில் கன்னத்தை வைத்தபடியே கிடந்ததைச் சொன்னேன். நிறுத்தவில்லை. பின்வரிசைக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கடைசி வரியை அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நாங்கள் உங்களை மன்னிக்கவில்லை."

செல்வநம்பி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"மேடம்," என்றார், ரொம்ப மெதுவாக. "தப்பா நினைக்காதீங்க. ஒரு வாசகனா சொல்றேன். என்கிட்ட இருக்கிற கதை இதைவிட நல்லா இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்னதுல வலி இருக்கு, மறுக்கல. ஆனா கோபம் ஜாஸ்தி. கோபம் அடங்கின பிறகுதான் அது இலக்கியமாகும். இந்தத் திரையில இருக்கறது அந்தப் பக்குவத்துக்கு வந்துடுச்சு. நீங்களே ஒருதடவை இதைப் படிச்சுப் பாருங்களேன்." நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார்.

பொய் என்று தெரியாமல் நம்புகிறவனிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம். உண்மையைக் கேட்டுவிட்டு, பொய்தான் ருசியாக இருக்கிறது என்கிறவனிடம் என்ன சொல்வது?

"உங்க கருத்துகள் எல்லாம் பதிவாயிடுச்சு. நல்ல முடிவா எடுப்போம்" என்று சொல்லி எழுந்தார்.

அப்போதுதான் தேசம்மாள் பந்தலைவிட்டு வெளியே போனாள். கார் நிற்கிற பாதையில் குனிந்தாள், இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். அவர் படியிறங்கி வந்ததும் அவர் தலைக்கு மேல் வீசி இறைத்தாள்.

"எம் புருசன் வாயில மண்ணப் போட்ட தொட்டிக்குச் சோடி கேக்க வந்தியா? உன் நல்ல முடிவுல மண்ணு வுழ! நீ கையெழுத்துப் போடற கை மண்ணாப் போவ!"

எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றுவது சாதாரண விஷயமில்லை. சண்டையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், செருப்பைத் தூக்குவார்கள், அடுத்த நாள் ஒன்றாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். மண்ணைத் தூற்றிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சமாதானம் கிடையாது. அதனால்தான் ஒரு கணம் எல்லாரும் உறைந்து நின்றார்கள். பிறகு அடுத்தவள் குனிந்தாள். அதற்கடுத்தவள். நானும் குனிந்தேன், நல்ல புடவையோடு. வேதியியல் ஆசிரியைக்குச் சாபத்தில் நம்பிக்கை இருக்கக் கூடாதுதான். அன்றைக்கு இருந்தது. அள்ளி அள்ளி வீசினோம். செல்வநம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு காருக்குள் புகுந்தார், கார் கண்ணாடி முழுக்க மண். ஊர்ப் பிள்ளைகள் போன்களைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். செய்திக்காரர்களும் எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. என் போனில் வந்தது, தேசம்மாள் போனில் வந்தது, தெருவில் எல்லார் போனிலும் வந்தது. 'சிப்பிக்குப்பம் மக்கள் கடும் எதிர்ப்பு: இரண்டாவது தொட்டிக்கு அனுமதி மறுப்பு.' கூடவே படம். தேசம்மாள் மண்ணை வாரி வீசுகிறாள், அதிகாரி ஓடுகிறார். ஒரு பொட்டு மாற்றமில்லை. நான் கண்ணால் பார்த்தது அப்படியே இருந்தது. செய்திக்குச் சட்டம் இருக்கிறது என்று அந்தப் ப்ரணவ் சொன்னது நினைவுக்கு வந்தது. படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு குளிர்ந்தது.

தெருவே கொண்டாடியது. வஞ்சிரம் வாங்கிப் பெரிய சட்டியில் குழம்பு வைத்தார்கள். பின்வரிசைக்காரர் வந்து, "டீச்சர், அன்னிக்கு வாய் தவறிட்ச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வக்கீலைப் பார்க்க வேண்டுமே என்று யாரோ கேட்டதற்கு, "ஜெயிச்ச கேசுக்கு எதுக்குப்பா வக்கீலு?" என்று நானே சொன்னேன். நான்தான் சொன்னேன். தீர்ப்பாயத்துக்கான கெடு எங்கள் குழம்பு வாசனைக்குள் கரைந்து போனது.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது லாரி சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். தெருமுனையில் வரிசையாக லாரிகள், கம்பி, சிமெண்டு, பின்னால் மண் தோண்டும் இயந்திரம். தேசம்மாள் ஏற்கெனவே முதல் லாரியின் முன்னால் நின்று கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எடத்துக்கு வந்து இன்னா பண்றீங்க? பர்மிசன் இல்லன்னு தெரியாது?"

ஓட்டுநர் இறங்கி வந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. முரட்டுத்தனம் எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏனுங்கக்கா, இப்படி மறிச்சா எப்படி? நீங்கதானுங்களே பூத்தூவி வரச் சொன்னீங்க?"

"பூவா?"

"நியூஸ்ல பாத்தமே." போனை எடுத்துத் தேடினார். "அட, இது நீங்கதானுங்களே? இங்க பாருங்க."

நானும் தேசம்மாளும் குனிந்து பார்த்தோம். 'இரண்டாவது தொட்டிக்கு அனுமதி: அதிகாரியை மலர் தூவி வாழ்த்திய சிப்பிக்குப்பம் மக்கள்.' அதே பந்தல். அதே கார். அதே புடவையில் நான். தேசம்மாள் குனிகிறாள், இரண்டு கையாலும் வாருகிறாள், வீசுகிறாள். அவள் கையிலிருந்து சாமந்தியும் ரோஜாவுமாக விழுகின்றன. அதிகாரி முகத்தைப் பொத்தவில்லை, கும்பிடுகிறார்.

செய்திக்குச் சட்டமாம். அந்தப் பொறியாளருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, அல்லது அவர் திரை அவருக்கு அப்படிச் சொல்லி வைத்திருந்திருக்கும். அழுகிறவனுக்கு ஆறுதல், அதிகாரிக்குப் பூ. எங்களை மாதிரிக் கொதிக்கிறவர்களுக்கு வெற்றி. அனுமதி மறுப்பு என்பதே எங்கள் போன்களுக்காக எழுதிய கதை. எங்களிடம் மண்ணை மாற்றவில்லை, ஏனென்றால் மண்தான் எங்களுக்கு இதமாக இருந்தது. மற்றவர்களைக் கேவலமாகப் பார்த்தவள் நான். எனக்குப் பிடித்ததைக் கொடுத்ததும் நானும் வாயைத் திறந்து விழுங்கியிருக்கிறேன். என்னையே எனக்குச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

தேசம்மாள் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் நான் கவனித்தேன். படத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வைத்திருந்தார்கள். பல் தெரிய, கண் சுருங்க, வாய் கொள்ளாத சிரிப்பு. நாகூரான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா போடுப்பா" என்றாள் ஓட்டுநரிடம்.

போட்டார். பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கத்தான் போனேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. நேரே போய் லாரியின் முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

படம் ஓடி முடிந்ததும் தேசம்மாள் போனை அந்த மனிதரிடம் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் கீறா அண்ணி அவ," என்றாள். "ஆனா அது நான் இல்ல."